பாட்டு டீச்சருக்கு விருது: எதைப் பார்த்துக் கொடுப்பது?

பட்டாளம் பையன் | சனி, இரவு 10.20

பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை. வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி. நாங்கள் 1994-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். போன மாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன், “பாட்டு டீச்சருக்கு ஏதாவது செய்ய வேண்டும்” என்று எழுதினான். இரண்டே நாளில் 40,000 ரூபாய் சேர்ந்துவிட்டது. கணக்கு ஆசிரியருக்கு வசூல் செய்தபோது மூன்று மாதம் இழுத்தடித்த அதே ஆட்கள்தான்.

கேடயம் செய்யக் கொடுக்கலாம் என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு துண்டுத்தாளை நீட்டி, “பெயரை இனிஷியலோடு எழுதிக் கொடுங்கள்” என்றார். பேனாவைப் பிடித்தபடி நின்றேன். பெயர் தெரியவில்லை. அங்கிருந்தே குழுவில் கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. கணக்கு ஆசிரியரின் சொந்த ஊர், அவருடைய ஸ்கூட்டர் எண் எல்லாம் நினைவிருக்கிறது. ஐந்து வருடம் வாரம் இரண்டு வகுப்பு எடுத்தவரைப் பாட்டு டீச்சர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். இருபது நிமிடம் கழித்து ஒருத்தி, “ச-வில் தொடங்கும் என்று ஞாபகம்” என்று எழுதினாள். ஸ்வரத்தைச் சொல்கிறாளா பெயரைச் சொல்கிறாளா என்று தெரியவில்லை.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது குழுவில் பேச்சு வளர்ந்து, ஆண்டுக்கு ஒருமுறை சென்னைப் பள்ளி ஒன்றின் இசை ஆசிரியருக்கு, முழுப் பணிக்காலத்தையும் பாராட்டி ஒரு விருது கொடுக்கலாம் என்று வந்து நிற்கிறது. எதைப் பார்த்துத் தேர்வு செய்வது? இசையுலகம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

மயிலை ரசிகர் | சனி, இரவு 11.05

நல்ல எண்ணம். ஆனால் புதிதாக எதற்கு? மியூசிக் அகாடமி 1993 முதல் சங்கீத கலா ஆச்சார்யா விருது கொடுத்து வருகிறது. கற்றுக்கொடுப்பவர்களுக்கென்றே உள்ள விருது. இயல் இசை நாடக மன்றத்தின் கலைமாமணி இருக்கிறது. மாவட்ட அளவில் கலை இளமணியில் தொடங்கிக் கலை முதுமணி வரை வயதுவாரியாக விருதுகள் இருக்கின்றன. மார்கழியில் சபாக்கள் கொடுக்கும் பட்டங்களை எண்ணவே ஒரு காரியதரிசி வேண்டும். இருப்பதில் ஒன்றுக்குப் பரிந்துரைத்துவிட்டுப் போகலாமே.

பட்டாளம் பையன் | சனி, இரவு 11.18

ஐயா, அந்த விருதுகளில் எதையாவது ஒரு பள்ளிக்கூடப் பாட்டு ஆசிரியை, பள்ளியில் பாடம் எடுத்ததற்காக மட்டும் வாங்கியதாக உங்களுக்கு நினைவிருக்கிறதா? கிண்டலாகக் கேட்கவில்லை.

மயிலை ரசிகர் | ஞாயிறு, காலை 6.40

இரவெல்லாம் யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை. ஆச்சார்யா என்றால் நாங்கள் பார்ப்பது சிஷ்ய பரம்பரையை. யாரிடம் கற்றார், யாரை உருவாக்கினார், அந்தச் சிஷ்யர் இன்று எந்த மேடையில் பாடுகிறார் என்று கேட்போம். பள்ளி ஆசிரியரின் கணக்கு அதில் வராது. ஒப்புக்கொள்கிறேன்.

சாக்பீஸ் | ஞாயிறு, காலை 9.15

கோபமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பகுதிநேர இசை ஆசிரியர்.

2012-இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி எல்லாம் சேர்த்து 16,549 பேரை அரசுப் பள்ளிகளில் பகுதிநேரமாக எடுத்தார்கள். வாரம் மூன்று அரைநாள், சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பன்னிரண்டு ஆண்டு ஏறி இறங்கி, போராடி, 2024-இல் 12,500-க்கு வந்தது. ஓய்வூதியம் கிடையாது. 2017-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் பணியிடங்கள் 1,325-க்குத் தேர்வு அறிவித்தபோது அதில் இசைக்கு 86 இடம். மாநிலம் முழுவதற்கும் 86.

அதனால்தான் “முழுப் பணிக்காலச் சாதனை” என்றதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பணியே இன்னும் நிரந்தரமாகவில்லை, அதற்குள் காலத்தை எங்கே முழுமையாக்குவது? 1978-இல் வேலைக்கு வந்த உங்கள் டீச்சர் தலைமுறைக்கு அது வாய்த்தது. எங்களுக்குப் பொன்னாடை வேண்டாம். ஒன்றை இரண்டாக மடித்தால் ஜன்னல் திரை ஆகும், அவ்வளவுதான். என் வீட்டில் ஆகியிருக்கிறது.

பட்டாளம் பையன் | ஞாயிறு, காலை 9.50

கோபம் நியாயம். நாற்பதாயிரத்தால் நிரந்தரப் பணி வாங்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். டீச்சர் 1978-இல் சேர்ந்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

சாக்பீஸ் | ஞாயிறு, காலை 9.58

ஊகம்தான். 94-இல் உங்களுக்கு நடுவயதில் தெரிந்திருப்பார் அல்லவா.

குறுக்குக் கேள்வி | ஞாயிறு, பகல் 12.30

எல்லாரும் உருகுகிறீர்கள், ஒருவராவது கேட்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் ஆரம்பப் பாடமான ஒரே சரளி வரிசை, ஒரே ஜண்டை வரிசை, சுதந்திர தினத்துக்கு ஒரே பாட்டு. இது சாதனையா, சர்வீஸா? எங்கள் பள்ளிப் பாட்டு ஆசிரியர் வகுப்பில் தூங்குவார். நாங்கள் ஆர்மோனியத்தின் துருத்தியில் பேனா மூடியைப் போட்டு வைத்திருந்தோம். மூன்று மாதம் அவருக்குத் தெரியவில்லை. ஆண்டுகளை எண்ணிக் கொடுத்தால் அவருக்கும் இந்த விருது போகும்.

மயிலை ரசிகர் | ஞாயிறு, பகல் 1.10

இதற்காகத்தான் ஒரு அளவுகோல் வேண்டும் என்பது. என் அக்கா இசை ஆசிரியையாக இருந்தார். ஒரு விருதுக்கு விண்ணப்பிக்கச் சொல்லித் தலைமையாசிரியர் படிவம் கொடுத்தார். அதில் ஒரு கட்டம், “கடந்த ஐந்து ஆண்டுகளில் தாங்கள் கற்பித்த பாடத்தில் தேர்ச்சி விழுக்காடு”. பாட்டுக்குப் பொதுத்தேர்வு ஏது? அக்கா ஒரு வாரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் ஒரு கோடு போட்டார். கோப்பு போனது, திரும்பவில்லை.

பெரம்பூர் கொயர் | ஞாயிறு, மாலை 4.25

நான் தனியார் பள்ளியில் மேற்கத்திய இசை எடுப்பவன். கிறிஸ்துமஸ் கேரல், ஆண்டு விழா, லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு தேர்வு, இதுதான் என் வருடம். எங்கள் பக்கம் வேறு விதமான நோய். கிரேடு தேர்வில் எத்தனை பேர் டிஸ்டிங்ஷன் என்பதுதான் நிர்வாகத்துக்குக் கணக்கு. அதற்கு வரும் பிள்ளைகள் வீட்டில் பியானோ வைத்திருப்பவர்கள். மீதி முப்பத்தைந்து பேரை நான் என்ன செய்தேன் என்று எவரும் கேட்டதில்லை.

ஒரு தகவல். அமெரிக்காவில் கிராமி விருது கொடுக்கும் அமைப்பு 2014 முதல் இசை ஆசிரியருக்கென்று ஆண்டுக்கு ஒரு விருது கொடுக்கிறது. 10,000 டாலர். அதில் எனக்குப் பிடித்த விஷயம், யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். பழைய மாணவர், பெற்றோர், சக ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர்கூட. நம் தேசிய நல்லாசிரியர் விருதில் 2018 முதல் ஆசிரியரே இணையத்தில் தன்னை முன்மொழிந்துகொள்ள வேண்டும். 50,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் உண்டு, ஆனால் “நான் சிறந்தவள், இதோ சான்று” என்று தானே எழுத வேண்டும். நம் ஊர்ப் பாட்டு டீச்சர் எழுதுவாரா? என் டீச்சர் சம்பளப் பட்டியலில் தவறு இருந்தால்கூட எழுதிக் கேட்காதவர்.

குறுக்குக் கேள்வி | ஞாயிறு, மாலை 5.00

டாலரில் கொடுப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பது இருக்கட்டும், நாற்பதாயிரத்தில் கொடுப்பவர்கள் எதைப் பார்ப்பீர்கள்? என் கேள்வி அங்கேயே கிடக்கிறது.

தமிழிசைத் தொண்டன் | ஞாயிறு, மாலை 5.40

பள்ளியில் தமிழ்ப் பாடல்களைக் கற்பித்தவருக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்று முதல் விதி எழுதுங்கள். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய பிறகும் தெலுங்குக் கீர்த்தனையை…

(இந்தப் பதிவும் இதற்கு வந்த 14 மறுமொழிகளும் தனி இழைக்கு மாற்றப்பட்டன. – நெறியாளர்)

ஓய்வுபெற்றவள் | திங்கள், பகல் 11.20

இந்த மன்றத்தில் படிப்பேனே தவிர எழுதியதில்லை. தட்டச்சு செய்யப் பேத்தி உதவுகிறாள். நான் 31 வருடம் பாட்டு ஆசிரியையாக இருந்தேன். சென்னையில்தான், மூன்று பள்ளிகளில்.

தூங்கிய ஆசிரியரைப் பற்றி எழுதிய தம்பிக்கு முதலில் பதில். தூங்கியிருப்பார், மறுக்கவில்லை. ஆனால் அந்த வகுப்பு அவருக்கு எத்தனை முறை கிடைத்தது என்றும் பாருங்கள். பாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கடன் கேட்பார். கடன் என்றுதான் பெயர், ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை. டிசம்பருக்குப் பிறகு ஒன்பதாம், பத்தாம் வகுப்பு எனக்குக் கிடையாது. வகுப்பு இல்லாதவள் சும்மா இருக்கிறாள் என்று சத்துணவுக் கணக்கு, தேர்தல் பணி, மக்கள்தொகைக் கணக்கு எல்லாம் என் மேசைக்கு வரும். காலை வழிபாட்டுக்கு மைக் வேலை செய்யவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாட்டுக்கும் ஒயருக்கும் ஏதோ உறவு இருப்பதாக நினைப்பு.

இந்தத் தமிழ்த்தாய் வாழ்த்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 வினாடியில் பாட வேண்டும் என்று ஆணை வந்தது. மோகன ராகம், மும்மை நடை, அதாவது மூன்று மூன்றாக எண்ணும் தாளம். ராகத்தைக் காப்பாற்றிவிடலாம், நடைதான் கஷ்டம். எண்ணூறு பிள்ளைகள் வெயிலில் நின்று பாடும்போது பின்வரிசை இழுக்கும், முன்வரிசை ஓடும். நான் முன்னால் நின்று கையை ஆட்டமாட்டேன். நடுவரிசைக்குள் புகுந்து நின்று, பக்கத்திலுள்ள பிள்ளைகளின் தோளில் விரலால் தட்டுவேன். நடு நின்றுவிட்டால் இரண்டு பக்கமும் வந்து சேர்ந்துவிடும். இது எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தந்ததில்லை. பேராசிரியர் சாம்பமூர்த்தி தென்னிந்திய இசையைப் பற்றி எழுதிய நூலின் ஆறு பாகத்தையும் படித்துத்தான் நாங்கள் தேர்வு எழுதினோம். ராக லட்சணம், சரித்திரம், எல்லாம் அதில் கற்றோம். எண்ணூறு பேரை ஒரு நடையில் நிறுத்தக் கற்றது வெயிலில்தான்.

இனி எதைப் பார்ப்பது என்ற கேள்வி. ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பு. என்ன பாடினாலும் ஒரே இடத்தில் நிற்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் உட்கார வைத்து, “நீ பாட வேண்டாம், சும்மா ‘அ’ என்று சொல்” என்றேன். சொன்னான். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே வந்தேன். கட்டை எண் ஏற ஏறச் சுருதியும் உயரும். மூன்றில் போய் ஒட்டியது. வகுப்புக்கு நான் வைக்கும் சுருதி ஐந்து கட்டை, எனக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அது சௌகரியம். ஒன்றரை வருடமாக நான் ஐந்தில் உட்கார்ந்துகொண்டு அவனை வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் இருந்த இடத்துக்கு ஒரு தரம்கூட நான் போகவில்லை.

மூன்றிலேயே துருத்தியை அழுத்திப் பிடித்து, “இப்போது சொல்” என்றேன். குரலும் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்தன. அவன் சட்டென்று நிறுத்திவிட்டு, “டீச்சர், என் சத்தம் எங்கே போய்விட்டது?” என்று கேட்டான். சுருதி சேர்ந்தால் தன் குரல் தனியாகக் கேட்காது. அதுவரை அவனுக்கு அவன் குரல் எப்போதும் தனியாகத்தான் கேட்டிருக்கிறது.

பிறகு அரைக்கட்டை அரைக்கட்டையாக ஏற்றினேன். நாலரை வரை வந்தான். ஐந்து கடைசிவரை வரவில்லை, மறு வருடம் குரலும் உடைந்துவிட்டது. இப்போது எங்கள் பகுதியில் தண்ணீர் கேன் போடுகிறான். மாடி ஏறி வரும்போது முனகிக்கொண்டே வருவான். சுருதியோடுதான் முனகுகிறான். அவனை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

விருது கொடுப்பதானால் என் ஆலோசனை இது. ஆசிரியரிடம் சான்றிதழ் கேட்காதீர்கள், மேடையேறிய மாணவர் யார் என்றும் கேட்காதீர்கள். அவரிடம் படித்த, பாட்டுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாத பத்துப் பேரைக் கூப்பிட்டு, வகுப்பில் கற்ற ஏதாவது ஒன்றைப் பாடச் சொல்லுங்கள். எத்தனை பேர் வெட்கப்படாமல் வாயைத் திறக்கிறார்கள் என்று பாருங்கள். மெட்டின் நெளிவுகளான சங்கதி தப்பலாம், வரி மறக்கலாம், அதெல்லாம் பெரிதில்லை.

கண் வலிக்கிறது. இவ்வளவுதான்.

பெரம்பூர் கொயர் | திங்கள், பகல் 11.52

டீச்சர், சுருதி சேராத பிள்ளைகளை “நீ வாயை மட்டும் அசை” என்று கடைசி வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். இருபது வருடமாக. ஒவ்வொரு ஆண்டு விழாவிலும். வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஓய்வுபெற்றவள் | திங்கள், பகல் 12.15

நானும் நிறுத்தியிருக்கிறேன், தம்பி. ஆண்டு விழா வேறு, வகுப்பு வேறு. வகுப்பில் நிறுத்தாதீர்கள்.

குறுக்குக் கேள்வி | திங்கள், மாலை 6.30

அம்மா சொன்ன தேர்வை நானே எனக்கு வைத்துப் பார்த்தேன். குளியலறையில். தூங்கிய ஆசிரியரின் மாணவன் நான், ஆனால் ஒரு பாட்டு முழுதாக வந்தது. எங்கே கற்றேன் என்று யோசித்தால் அவரிடம்தான். அவர் தூங்காத நாளும் இருந்திருக்கிறது போலும். ஆனாலும் என் கேள்வியை விடமாட்டேன். பத்துப் பேரை யார் தேர்ந்தெடுப்பது? ஆசிரியரின் ஆதரவாளர்கள் நன்றாகப் பாடும் பத்துப் பேரைக் கூட்டி வருவார்கள். நம் ஊரில் எதற்கும் ஆள் சேர்ப்பார்கள்.

மயிலை ரசிகர் | திங்கள், இரவு 7.45

வருகைப் பதிவேட்டை எடுத்து, எட்டாவது, பதினெட்டாவது, இருபத்தெட்டாவது எண் என்று பிடிக்க வேண்டியதுதான். சபாவில் முப்பது வருடம் இருந்த அனுபவத்தில் இன்னொன்று சொல்கிறேன். விருதுக் குழுவில் மேடைக் கலைஞர் ஒருவரை வைத்தால் அவர் தம் குருவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். எங்களைப் போன்றவர்களைக் குழுவில் சேர்க்காதீர்கள்.

சாக்பீஸ் | திங்கள், இரவு 8.10

பகுதிநேர ஆசிரியருக்கும் உண்டு என்று விதியில் எழுதுங்கள். பணிக்காலம் இத்தனை ஆண்டு என்று போட்டால் ஒப்பந்தத்தில் பத்துப் பள்ளி மாறியவர்கள் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். பணியில் இருக்கும்போதே கொடுங்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதில் எங்கள் பங்கு என்ன என்று அந்தந்தப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். பரிசு வாங்கும் புகைப்படத்தில் நாங்கள் ஓரமாகவாவது இருப்போம்.

பட்டாளம் பையன் | வியாழன், இரவு 9.30

மூன்று நாள் பதில் போடாததற்கு மன்னிக்கவும். டீச்சரைக் கண்டுபிடித்துவிட்டோம்.

பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் ஒரு பழைய பதிவேட்டை எடுத்துத் தந்தார். பெயர் கிடைத்தது, இரண்டு இனிஷியல். இங்கே எழுதவில்லை. 2014-இல் ஓய்வு. சாக்பீஸ் ஊகித்தது சரி, சேர்ந்தது 1978. நேற்று நாங்கள் நான்கு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். எங்களில் ஒருவனையும் அடையாளம் தெரியவில்லை அவருக்கு. எப்படித் தெரியும், நாலு பேருக்கும் தொப்பை. பிறகு ஒவ்வொருவனையும் பேசச் சொன்னார். மூன்றாவது ஆள் பேசும்போது, “நீ ‘க’ வராதவன்தானே, காந்தாரத்தைத் தாந்தாரம் என்பாய்” என்றார். அவன் அழுதுவிட்டான். இப்போது அவன் ஒரு வங்கியில் மேலாளர்.

விருது என்றோம். கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. “நான் போன பிறகு அந்த இடத்துக்கு யார் வந்தார்கள்?” என்று மட்டும் கேட்டார். யாரும் வரவில்லை என்று எழுத்தர் முந்தின நாளே சொல்லியிருந்தார். பாட்டு வகுப்பு நேரம் இப்போது ஆங்கிலத்துக்குப் போகிறது. ஆர்மோனியம் ஆய்வகத்தில் அலமாரி மேல் இருக்கிறது. இறக்கிப் பார்த்தோம், துருத்தி கிழிந்திருக்கிறது, ஏழு கட்டைகள் பேசவில்லை. ரீட் மாற்றிச் சரிசெய்ய எட்டாயிரம் ஆகும் என்கிறார் பழுது பார்ப்பவர். டீச்சர், “அதைச் சரிசெய்யுங்கள், மீதிப் பணத்துக்கு வாரம் ஒருநாள் யாரையாவது வரச் சொல்லுங்கள்” என்கிறார்.

சாக்பீஸ் | வியாழன், இரவு 9.55

வணங்குகிறேன் அந்த டீச்சரை. ஆனால் அதைச் செய்யாதீர்கள். நீங்கள் வசூல் செய்து ஆள் வைத்தால் அந்தப் பணியிடம் இனி என்றைக்கும் நிரம்பாது. “பழைய மாணவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்” என்று கோப்பில் எழுதி மூடிவிடுவார்கள்.

பெரம்பூர் கொயர் | வியாழன், இரவு 10.05

பணியிடம் நிரம்பும்வரை இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சனிக்கிழமை நான் வருகிறேன். பணம் வேண்டாம். மனு எழுதுவதானால் அதிலும் கையெழுத்துப் போடுகிறேன்.

சாக்பீஸ் | வியாழன், இரவு 10.20

வாருங்கள். மனுவை நான் எழுதுகிறேன். இந்தச் சண்டையை நேரில் தொடரலாம்.

மயிலை ரசிகர் | வெள்ளி, காலை 6.15

விழா எப்போது? கேடயம் உண்டா இல்லையா?

பட்டாளம் பையன் | வெள்ளி, காலை 8.40

சின்னதாக உண்டு. பெயருக்காகவே செய்கிறோம், இனிஷியலோடு. வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி, பள்ளி மைதானம். வருடா வருடம் கொடுக்கும் விருதைப் பற்றி அன்றைக்கு உட்கார்ந்து பேசலாம். பதிவேட்டு எண் யோசனையைக் குழுவில் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரே சிக்கல். பழைய வழிபாட்டுப் பாடலை எல்லாரும் சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு. ஒத்திகை பார்த்தோம். பழைய ஐந்து கட்டை எங்களில் ஓர் ஆணுக்கும் எட்டவில்லை. ஒன்றரையில் வைத்தால் பெண்களுக்குக் கீழே போய்விடுகிறது. டீச்சருக்குத் தொலைபேசியில் சொன்னேன். “யாரும் முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். நான் வந்து ஒவ்வொருவரையும் ‘அ’ சொல்ல வைத்துப் பார்க்கிறேன்” என்கிறார். அதனால் பத்து மணி என்று போட்டதை ஒன்பதாக மாற்றிக்கொள்ளுங்கள்.